ஆய்வில் சேராத வீடு

அப்பா இறந்தபோது நான் பயன்பாட்டு உளவியல் முதுகலையில் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். ஆய்வுத் தலைப்பு அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் எப்படி இருக்கிறார்கள், அவர்களுடைய நல்வாழ்வு எந்த நிலையில் இருக்கிறது என்பது தலைப்பு. அதைத் தேடி நான் எங்கும் அலையவில்லை. பக்கவாதம் வந்து அப்பா மூன்று வருடமாக லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருந்தார். அம்மாவும் நானும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

கேள்வித்தாளைத் தமிழில் எழுதி முடித்ததும் மொழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் அம்மாவிடம்தான் கொடுத்தேன். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஒரு கையில் காகிதத்தைப் பிடித்துப் படித்தாள்.

“நல்வாழ்வா? ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருக்கு. யாரு வீட்ல இப்படிப் பேசறாங்க?”

“வேற எப்படிம்மா கேக்கறது?”

“நல்லா இருக்கியான்னு கேளு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா அப்படிக் கேட்டா எல்லாரும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடுவாங்க. அது உனக்கு ஆகாது, இல்ல?” என்றாள்.

ஒரு பருவம் முழுக்க வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு சொல்லிவிட்டாள். பிறகு கேள்விகளுக்குப் பதிலும் எழுதினாள். ‘எனக்கென்று கொஞ்ச நேரம் கிடைத்தது’ என்ற வரிக்கு ‘ஒருபோதும் இல்லை’. ‘நான் செய்யும் வேலையால் ஒருவருக்குப் பயன் இருக்கிறது’ என்ற வரிக்கு ‘எப்போதும்’. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பேனாவை அழுத்திப் போட்டிருந்தாள். எழுதி முடித்ததும், “எத்தனை மார்க்கு?” என்று கேட்டாள். மார்க் எல்லாம் கிடையாது என்றேன்.

அதன் பிறகு இரண்டு மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அப்பா போய்விட்டார். நான் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு நின்றது எனக்கு உடனே தெரியவில்லை. நெற்றி, கன்னம், காது மடல் என்று வழக்கம்போல முழுதும் துடைத்து முடித்துத் துணியை வாளியில் போட்ட பிறகுதான் தெரிந்தது. தெருமுனை கிளினிக்கிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். படுக்கைப் புண் வராமலிருக்க அவருக்காகப் போட்டிருந்த காற்று மெத்தை, அந்த ஏர் பெட்டின் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

அம்மா அழுதாள். அத்தைகள் அழுதார்கள். திருச்சபையிலிருந்து வந்தவர்கள் பாடினார்கள். நான் ஆதார் நகல் எடுத்தேன், கல்லறைத் தோட்டத்தில் சொல்லி வைத்தேன், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். “தைரியமான பொண்ணு” என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அது தைரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என்னவென்று தெரியவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். யாராவது கையைப் பிடித்தால், பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆறாம் நாள் கல்லூரிக்குப் போனேன். என் ஆய்வு வழிகாட்டி, இரண்டு தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி. பேச ஆரம்பித்தால் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒன்றாகத்தான் வரும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“ஏன்மா இவ்ளோ சீக்கிரம் வந்த? சொல்ப டைம் எடுத்துக்கோ. டாபிக் வேணும்னா மாத்திக்கலாம். இந்த டாபிக் இப்போ உனக்குக் கஷ்டம்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான் மேடம். ஃபார்ம் எல்லாம் பிரிண்ட் எடுத்தாச்சு.”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு, வாரம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை முன்னறையில் உட்கார்ந்து கேள்வித்தாள்களை ஸ்டேப்பிள் செய்துகொண்டிருந்தேன். கட்டிலில் மெத்தை இல்லை. ஏர் பெட்டைத் துடைத்துச் சுருட்டி அலமாரி மேல் வைத்திருந்தோம். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள்.

“பாப்பா, நான் திரும்ப ஒண்ணு எழுதட்டுமா? இப்ப எழுதினா வேற மாதிரி வரும்.”

நான் நிமிராமலே சொன்னேன். “நீ எழுத முடியாதும்மா. பேஷண்ட்டப் பாத்துக்கறவங்க மட்டும்தான் எழுதணும். இப்ப நீ அதுல வர மாட்ட.”

அம்மா தாளைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். ஓரங்களைத் தட்டிச் சமமாக்கிவிட்டு உள்ளே போனாள். நான் சொன்னது ஆய்வு விதிப்படி சரி. அடுத்த தாளை ஸ்டேப்பிள் செய்தேன்.

வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். தெரிந்த நர்ஸ் ஒருவர் குடும்பங்களிடம் முதலில் கேட்டுவிட்டு, சம்மதித்தவர்களின் முகவரியை மட்டும் எனக்குத் தருவார். லிங்கராஜபுரம், பிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் என்று பஸ்ஸிலும் நடந்தும் போவேன். உட்கார்ந்ததும் சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டுவேன். அதில் ஒரு வரி உண்டு: ‘இந்த ஆய்வில் பங்கேற்பதால் உங்களுக்கு நேரடியான பயன் எதுவும் இல்லை.’ பிரேசர் டவுனில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் அந்த வரியைக் கேட்டுச் சிரித்தார். “பரவால்லம்மா, உங்களுக்காவது பயன் இருக்கட்டும்” என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். சிலர் எழுதும்போதே அழுதார்கள். நான் பயிற்சியில் சொன்னபடி தண்ணீர் கொடுத்தேன், நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன், ஆலோசனை மையத்தின் எண் அச்சடித்த சீட்டைக் கொடுத்தேன். ஒன்றையும் விடவில்லை. வழிகாட்டி என் குறிப்புகளைப் பார்த்து, மிகவும் ஒழுங்காக இருக்கிறது என்றார்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் கதவைத் திறந்தார். அவர் மனைவி குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து படுக்கையில். உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மாளுக்கு உடம்புதான் அசையாது, காதும் வாயும் நன்றாக வேலை செய்தன.

நான் கேள்வியைப் படிக்க, பெரியவர் பதில் சொன்னார். ‘காலையில் எழும்போது புத்துணர்வாக இருந்தது’ என்று படித்தேன்.

“எப்போதும்னு போடும்மா.”

“பொய்!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “காலைல எந்திரிக்கும்போதே முதுகப் பிடிச்சிக்கிட்டு ஐயோ அப்பான்னுதான் எந்திரிக்கிறாரு. அந்தப் பொண்ணு படிச்சுப் பாஸ் பண்ண வந்திருக்கு, அதுகிட்டப் போய்ப் பொய் சொல்றீங்களே.”

“நீ சும்மா இருடி. கேள்வி எனக்கா உனக்கா?”

“நான் இல்லன்னா உங்கள யாரு கேக்கப் போறாங்க?”

அவர் சிரித்துவிட்டு, “எப்போதாவதுன்னு போட்டுக்கோ” என்றார். கேள்வித்தாள் முழுக்க இப்படியே போனது. வழக்கமாக அரை மணி நேரத்தில் முடிவது அங்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

நான் பையை மூடும்போது பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “அவளுக்கு முதுகுல புண்ணு வந்திருக்கும்மா. இருந்த வாட்டர் பெட் ஒழுகிப்போச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடறேன், இருந்தும் ஆறல. காத்து பெட்டுன்னு ஒண்ணு இருக்காமே, உங்க காலேஜ்ல யார்கிட்டயாவது பழசு கிடைக்குமா?”

எங்கள் வீட்டு அலமாரி மேல் ஒன்று இருந்தது. அது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நினைவுக்கு வந்தது, சம்மதப் படிவத்தின் அந்த வரியும் கூடவே வந்தது. ஆய்வு நடக்கும்போது பங்கேற்பவருக்கு எதுவும் கொடுக்கக்கூடாது. ஒரு மாதம் கழித்து இதே கேள்விகளை அவரிடம் மறுபடி கேட்க வேண்டியிருந்தது; நடுவில் ஏதாவது கொடுத்தால் பதில் மாறிவிடும்.

“இதுல பங்கேற்கறதால நேரடியா பயன் எதுவும் இல்ல அங்கிள். முதல்லயே படிச்சேன்” என்றேன்.

“ஆமாமா, படிச்ச. கரெக்டுதான்” என்றார். கேட் வரை வந்து வழியனுப்பினார்.

அந்த வாரமே அம்மா அலமாரியைப் பார்த்து, “இந்த பெட்ட யாருக்காவது குடுத்துடலாம் பாப்பா. உனக்கு யாராவது தேவைப்படறவங்க தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாதும்மா.”

அதைச் சொல்லும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்கிடையே வகுப்பில் உளவியல் மதிப்பீட்டுச் செய்முறை நடந்தது. ஒருவருக்கு ஒருவர் தேர்வு வைத்து, மதிப்பிட்டு, அறிக்கை எழுத வேண்டும். எனக்குத் துணையாக வந்தவள் தும்கூருக்குப் பக்கத்திலிருந்து வந்த கன்னடப் பெண். அவளும் நானும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வோம். உணர்ச்சி நிலை பற்றிய நீளமான ஒரு பட்டியலை எனக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு வரியையும் படித்தேன். துக்கமாக இருந்ததா? இல்லை. சந்தோஷமாக இருந்ததா? இல்லை. எரிச்சல், பயம், ஆவல், நிம்மதி, குற்ற உணர்வு எல்லாவற்றுக்கும் இல்லை. ஒரே கட்ட வரிசையில் மேலிருந்து கீழ்வரை டிக் விழுந்தது. ஒன்றுகூடப் பொய் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கேன்டீனில் என்னைத் தேடி வந்தாள்.

“நீ படிக்காமலே டிக் போட்டிருக்கே.”

“படிச்சுத்தான் போட்டேன்.”

“துக்கமும் இல்ல, சந்தோஷமும் இல்லன்னா எப்படி? விதிப்படி இது செல்லாது. பதில் சொன்னவர் ஒத்துழைக்கல, மறுபடி வைக்கணும்னுதான் நான் எழுத முடியும்.” அவள் முகம் சிவந்திருந்தது. அப்பா இறந்தது அவளுக்குத் தெரியும். “கோவிச்சுக்காத, ப்ளீஸ். இன்னொரு தடவ எழுதிக் குடேன்.”

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. புதுத் தாளை வாங்கி அங்கேயே எழுதினேன். இந்த முறை டிக்குகளை நாலா பக்கமும் கலந்து போட்டேன். கொஞ்சம் துக்கம், கொஞ்சம் சந்தோஷம், எப்போதாவது கவலை. எப்படிப் போட்டால் சாதாரணமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அதைத்தானே படித்துக்கொண்டிருந்தேன். அறிக்கை வந்தது. சமீபத்திய இழப்பைத் தகுந்த முறையில் எதிர்கொண்டுவருகிறார் என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதை வகுப்பில் நல்ல மாதிரி அறிக்கை என்று படித்துக் காட்டினார்.

அன்று வாராந்திரச் சந்திப்புக்கு வழிகாட்டியின் அறைக்குப் போனேன். குறிப்பேட்டில் கேட்க வேண்டிய சந்தேகங்களை வரிசையாக எழுதியிருந்தேன். மூன்றாவதாக, ‘பங்கேற்பாளர் உதவி கேட்டால்?’ என்று இருந்தது. எழுதிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. முந்தைய இரண்டு சந்திப்புகளிலும் நான் அந்த வரிக்கு வரவில்லை. அன்று கேட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“புண்ணு எப்படி இருக்கு இப்போ?”

“தெரியல மேடம்.”

“உங்க வீட்ல அந்த பெட் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“சும்மா?”

“சும்மாதான் இருக்கு.”

அவர் திட்டவில்லை. “அவரை சாம்பிள்ல இருந்து எடுத்துடு. காரணத்த எழுதி வை, நான் கையெழுத்துப் போடறேன். அப்புறம் அவர் உன் பார்ட்டிசிபண்ட் இல்ல, தெரிஞ்சவர். அவ்ளோதான். இத அன்னைக்கே போன் பண்ணிக் கேட்டிருந்தா ஒரு நிமிஷ வேலைம்மா.” கடைசி வாக்கியத்தை மட்டும் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

வீட்டுக்குப் போவதற்கு முன் பெரியவருக்குப் போன் செய்தேன். அவருடைய பதில்களை ஆய்வில் சேர்க்கவில்லை என்று சொல்லி, அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டேன். “சொல்லும்மா, தாராளமா சொல்லு. புண்ணு இப்போ உள்ளங்கை அகலம் ஆயிடுச்சு” என்றார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். எப்போது கேட்டார் என்றாள். பதினைந்து நாள் முன்னால் என்றேன். அவள் கை நின்றது.

“நான் கேட்டேனே. தெரியாதுன்னியே?”

“ரூல் இருந்துதும்மா.”

“என்னடி ரூல்?” அம்மா கத்தினாள். அப்பா போனதிலிருந்து அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. “மூணு வருஷம் உங்கப்பன் முதுகத் துடைச்சியே, புண்ணுன்னா என்னான்னு உனக்குத் தெரியாதா? ஒரு நாள் விட்டா எப்படி ஆகும்னு தெரியாதா? காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா? அந்த வேலையில நான் இல்லன்னு என்கிட்டயே சொன்னியே, நீ எதுலடி இருக்க?”

குற்ற உணர்வு வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அம்மா ஈரக் கையோடு நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து பெட்டை இறக்கினாள். நான் மோட்டாரை வாங்கிக்கொண்டேன். பானையில் பாதி களைந்த அரிசி அப்படியே இருந்தது.

ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் சுருட்டிய பெட்டை வைத்துக்கொண்டு போனோம். அந்த வீட்டில் அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டு நேரே உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் இருந்த அம்மாளிடம், “நான் கொஞ்சம் பாக்கறேங்கக்கா” என்று சொல்லி ஒருபக்கமாகத் திருப்பினாள். நானும் பார்த்தேன். பெரியவர் சொன்னது சரிதான், உள்ளங்கை அகலம்.

“டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?”

“இல்லம்மா. இவளத் தூக்கிட்டுப் போறது கஷ்டம்னு…”

“நாளைக்கே போகணும். இது வீட்ல வச்சுப் பாக்கற புண்ணு இல்ல. நானும் வரேன், ரெண்டு பேரும் பிடிச்சா போதும்.”

நாங்கள் மூவரும் அந்த அம்மாளை அசைத்து அசைத்துக் கீழே பெட்டை விரித்தோம். எந்தப் பக்கத்தில் யார் நிற்பது, விரிப்பை எப்படி இழுப்பது என்று அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு தேவைப்படவில்லை. என் கைகள் தானாக வேலை செய்தன. மோட்டாரைப் போட்டதும் அந்த அம்மாள், “இது என்ன, காதுகிட்ட வண்டு சுத்தற மாதிரி இருக்கு” என்றார். “பழகிடுங்கக்கா. அப்புறம் நின்னா தூக்கம் வராது” என்றாள் அம்மா. அதைச் சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து, கையைக் கழுவ வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து இரண்டு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். முழுக்க ஆற ஐந்து மாதம் ஆயிற்று. முன்பே காட்டியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதை அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னாள். திரும்ப அதைப் பற்றிப் பேசவில்லை. புதன்கிழமைகளில் அவளே பஸ் ஏறி ரிச்சர்ட்ஸ் டவுன் போய்வர ஆரம்பித்தாள். பெரியவர் அந்த நேரத்தில் கடைக்கும் முடி வெட்டவும் போவார். பெண்கள் இருவரும் டிவியில் எந்தச் சீரியல் பார்ப்பது என்று சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று அவர் எனக்குப் போனில் சொன்னார்.

ஆய்வு முடிந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர், சம்மதித்தவர்களில் ஒருவரை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன், பதினைந்து நாள் தாமதத்தையும் சேர்த்து. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவர் சற்று யோசித்து, “அந்தத் தாமதத்தை எழுதியிருக்கிறீர்களா?” என்றார். இல்லை என்றேன். “எழுதுங்கள்” என்றார். குறைபாடுகள் என்ற பகுதியில் நான்கு வரி சேர்த்து, பைண்டு செய்து சமர்ப்பித்தேன். தேறிவிட்டேன். செய்முறை வகுப்பில் நான் கலந்து போட்ட அந்த டிக்குகளைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அறிக்கை எழுதியவளுக்கு அது இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் மொபைல் கடைக்குப் போனேன். என் போனில் சிம் வேலை செய்யவில்லை. கடைக்காரர் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். ஒரு வருடத்துக்கு மேலாக ஊரில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்ப வந்து கடையைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“என்னாம்மா, நல்லா இருக்கியா? சிம் மாத்திடலாம், அஞ்சு நிமிஷம்.” ஆதாரை வாங்கிக்கொண்டு, “அப்பா நம்பருக்கும் நீதானே வந்து ரீசார்ஜ் போடுவ? அவரு எப்படி இருக்காரு?” என்றார்.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கல்லூரியில் தெரியும். சபையில் தெரியும். படிவங்களில் எழுதியிருக்கிறேன், கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். ஆனால் விஷயம் தெரியாத ஒருவரிடம் அதை என் வாயால் சொல்ல வேண்டிய தேவை அதுவரை எனக்கு வந்ததே இல்லை.

“அப்பா இறந்துட்டாருண்ணா.”

அவர் கையிலிருந்த சிம்மைக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். “எப்போம்மா?”

“போன வருஷம்” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் குடையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வெளியே போட்டு, “உக்காரு, உக்காந்துக்கோ” என்றார். உட்கார்ந்தேன். பின்னால் நின்றவர்களிடம் அவர் கன்னடத்தில், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது கேட்டது. அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.